வாட்ச்மேன் உத்தியோகமும் ஓட்டப் பந்தயமும்



பாங்கு வாசலிலோ, துணிக்கடை வாசலிலோ, பணக்காரர் குடியிருக்கும் அடுக்கு மாடி வீட்டு வாசலிலோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொண்டு, வருகிறவர் போகிறவரைப் பார்த்து, நோட்டுப் புஸ்தகத்தில் பெயரும் வண்டி நெம்பரும் எழுதிக் கொள்ளுகிற உத்தியோகம் ஒன்று இருப்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். முன்பு இதற்கு வாட்ச்மேன் என்று பெயர். இப்போது கொஞ்சம் மரியாதை கூடி செக்யூரிட்டி என்கிறார்கள். மரியாதை கூடினதே தவிர சம்பளம் கூடினதாகத் தெரியவில்லை. அது நிற்க. இந்த உத்தியோகத்திற்கு வர விரும்புகிற மனிதன் 1 கிலோமீட்டர் தூரத்தை 6 நிமிஷத்திற்குள் ஓடிக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி எழுதப்பட்டது என்று நாம் சொன்னால் உங்களில் பலர் சிரிப்பீர்கள். நாமும் முதலில் சிரிக்கத்தான் சிரித்தோம். விதியை முழுவதும் படித்த பிறகு சிரிப்பு நின்று போயிற்று.

விஷயம் இதுதான். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதற்கென்று 2005-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். அவ்வருஷத்திய 29-வது சட்டம் அது. அதன் 10-வது பிரிவின்படி, காவலாளியாக வருகிறவனுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 65 வயது ஆகியிருக்கக் கூடாது. நடத்தை யோக்கியமாயிருக்க வேண்டும். குறிப்பிட்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட தேக யோக்கியதையும் உடையவனாயிருக்க வேண்டும். அந்தப் பயிற்சி எது, அந்த தேக யோக்கியதை எது என்று 2006-ல் மத்திய சர்க்கார் மாதிரி விதிகள் போட்டார்கள். மாகாண சர்க்கார்கள் தங்கள் விதிகளைச் செய்யும்போது கூடிய மட்டும் இந்த மாதிரியை ஒட்டியே செய்ய வேண்டுமென்பது அச்சட்டத்தின் 24-வது பிரிவு.

பயிற்சி என்னவென்றால், வகுப்பில் உட்கார்ந்து 100 மணி நேரம், வெளியில் நின்று 60 மணி நேரம், ஆக 160 மணி நேரம். 20 வேலை நாட்களுக்குக் குறையாமல் இது நடக்க வேண்டும். பட்டாளத்திலும் போலீசிலும் இருந்து வந்தவர்களுக்கு மாத்திரம் 40 மணியும் 16 மணியுமாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாடங்களோ, நடந்து கொள்ளும் முறை, உடுப்பு அணிவது, தீயணைப்பது, கூட்டத்தை ஒழுங்கு செய்வது, அடையாளச் சீட்டுகளைச் சோதிப்பது, முதலுதவி, வெடிகுண்டு போன்றவற்றை அடையாளம் கண்டு கொள்வது, போலீசில் புகார் பதிவு செய்வது எப்படி என்பது, தண்டனைச் சட்டத்தில் கொஞ்சம் ஞானம் முதலியவை.

பயிற்சி கூடாதென்று நாம் சொல்லவில்லை. பயிற்சி நல்லது என்றே சொல்லுகிறோம். கூலிக்கு ஆள் பிடித்து, காக்கிச் சட்டையை மாட்டி, கையில் ஒரு தடியையும் கொடுத்து வாசலில் நிறுத்தி விட்டு, தீப்பிடித்தால் என்ன செய்வதென்று கூடச் சொல்லிக் கொடுக்காமலிருந்த காலத்தை விட இது மேலானதுதான். ஆனால் ஒரு பயிற்சியைக் கட்டாயம் என்று ஆக்கின உடனே அது ஒரு வாசற்கதவு ஆகிவிடுகிறது. அந்த சர்ட்டிபிகேட் இல்லாதவனுக்கு வேலை இல்லை. ஆகவே, அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது, யார் முகத்தில் அறைந்து சாத்தப்படுகிறது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

சென்ற மாதம் ஒரு நண்பர் நம்மைத் தேடி வந்தார். வயது நாற்பத்தைந்து. குழந்தைப் பருவத்தில் போலியோ கண்டு வலது கால் சூம்பிப் போனவர். இரும்புப் பட்டை போட்ட பூட்சும் ஒரு கோலுமாக நடக்கிறார். ஊனமுற்றோருக்கென்று டெலிபோன் பூத்து கொடுத்தார்களே, அந்தக் காலத்தில் பூத்து வைத்திருந்தவர். எல்லார் சட்டைப் பையிலும் போன் வந்த பிறகு பூத்து போயிற்று. பிறகு ஜெராக்ஸ் மிஷின் வைத்தார்; அதுவும் நடக்கவில்லை. 12-வது வகுப்புப் படித்தவர், கம்ப்யூட்டரும் தெரியும். காமிராப் படங்களைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, காவலாளிப் பயிற்சி கொடுக்கும் ஒரு இடத்திற்குப் போயிருக்கிறார். பயிற்சி மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கொண்டு மேலே ஏறி முடிக்க அவருக்கு இருபது நிமிஷம் ஆயிற்றாம். மேலே இருந்தவர் இவரைப் பார்த்ததும், "ஏங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், இது உங்களுக்கு ஒத்து வராதுங்க. ஆறு நிமிஷத்துல ஒரு கிலோமீட்டர் ஓடணும்னு ரூல் இருக்கு" என்றிருக்கிறார். "உட்கார்ந்து டி.வி. பார்க்கிற வேலைக்கு எங்கே சார் ஓடறது?" என்று இவர் கேட்டிருக்கிறார். பதில் இல்லை.

கீழே இறங்கி வந்தபோது அந்தக் கட்டடத்துக் காவலாளி, அறுபது வயதைக் கடந்த பெரியவர், தன் நாற்காலியை விட்டெழுந்து இவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டு விட்டு, "என்னை எவனும் ஓடச் சொல்லலியே தம்பி! சட்டை அளவு மட்டுந்தான் கேட்டாங்க" என்றாராம்.

தோழர்களே, இந்தப் பெரியவரின் வார்த்தையில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. உங்கள் ஊர் ஏ.டி.எம். வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், கலியாண மண்டபத்து வாசலில் காவல் நிற்பவர் யார் என்று நீங்களே போய்ப் பாருங்கள். மில்லில் வேலை போன கிழவர், நிலத்தை விற்று விட்டு டவுனுக்கு வந்த குடியானவர், பட்டாளத்தில் பென்ஷன் வாங்கியவர். இவர்களில் எத்தனை பேர் 6 நிமிஷத்தில் 1 கிலோமீட்டர் ஓடுவார்கள்? ஓடச் சொல்லுவது பாவம்! சட்டம் 64 வயதுக்காரரையும் அனுமதிக்கிறது. மாதிரி விதி அதே 64 வயதுக்காரரை ஓடச் சொல்லுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது விதி எழுதினவருக்குத் தெரியாமலா போயிற்று? தெரியும். ஆனால் சொற்பக் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கக் கிழவர்கள் தேவை. ஆகையால் கிழவர் வந்தால் விதி தூங்குகிறது. கோல் ஊன்றினவர் வந்தால் அந்த விதி கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து கொள்ளுகிறது.

இனி அந்த 2006-ம் வருஷத்து விதியை இன்னும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். கண் பார்வை இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லி விட்டு, அது கண்ணாடி போட்டுக் கொண்டும் இருக்கலாம், போடாமலும் இருக்கலாம் என்று தயவு காட்டப்பட்டிருக்கிறது. மிகவும் சரி. ஆனால் அடுத்தாற்போல் காது விஷயம் வரும்போது, காதில் குறையே இருக்கக் கூடாது என்று ஒரே வெட்டாக வெட்டி, பேச்சும் அலாரமும் கேட்டாக வேண்டும் என்கிறது. காதுக் கருவி வைத்துக் கொண்டு கேட்கலாமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதென்ன நியாயம்? கண்ணுக்கு வைத்துக் கொள்ளும் கண்ணாடியும் ஒரு கருவி. காதுக்கு வைத்துக் கொள்ளும் மிஷினும் ஒரு கருவி. ஒன்றுக்கு அனுமதி, மற்றொன்றுக்கு அந்த வார்த்தை கூட இல்லை. இதற்குக் காரணம் விஞ்ஞானமா, வைத்தியமா? ஒன்றுமில்லை. விதி எழுதும் அதிகாரிகள் மூக்கில் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடி போட்டவனை ஊனமுற்றவன் என்று அவர்கள் நினைப்பதில்லை, ஏனென்றால் அவர்களே போட்டிருக்கிறார்கள். காதுக் கருவி போட்டவன் அந்த மேஜையைச் சுற்றி இருந்திருந்தால் அந்த வரியும் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

உயரத்தைப் பாருங்கள். ஆணுக்கு 160 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 150 சென்டிமீட்டர். 2016-ம் வருஷத்தில் ஊனமுற்றோர் உரிமைகளுக்கென்று இதே இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். அதில் 21 வகை ஊனங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. குள்ளத்தன்மை அதில் ஒன்று. 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ வளர்ந்தவர்கள் இந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்று அச்சட்டமே கணக்கும் சொல்லுகிறது. ஆக ஒரு சட்டம் 147 சென்டிமீட்டர்க்காரனைப் பார்த்து, "உனக்கு எல்லோரையும் போல் வேலைக்கு உரிமை உண்டு" என்கிறது. மற்றொரு சட்டத்தின் கீழ் எழுதிய விதி அவன் தலைமேல் அளவுகோலை வைத்து, "நீ போகலாம்" என்கிறது. பார்சலின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கவும், கேட்டைத் திறந்து மூடவும், அலாரப் பொத்தானை அமுக்கவும் 160 சென்டிமீட்டர் எதற்கு என்று நாம் கேட்கிறோம். பொத்தானைக் கொஞ்சம் கீழே வைத்தால் கையெட்டுமா எட்டாதா?

பிறகு, முழங்கால் தட்டக் கூடாதாம். பாதம் தட்டையாக இருக்கக் கூடாதாம். நிறக்குருடு கூடாதாம். இவையெல்லாம் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் எடுக்கும் பட்டியலில் உள்ள வார்த்தைகள். தட்டைப் பாதம் உள்ளவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் பாதம் தட்டை என்பதே தெரியாது. மூட்டை தூக்குகிறார்கள், நாற்று நடுகிறார்கள், பத்து மைல் நடக்கிறார்கள். அவர்களுக்கு வாசலில் உட்காரத்தான் யோக்கியதை இல்லையாம்! நிறக்குருட்டைப் பற்றி ஒரு செய்தி. தமிழ்நாட்டு மின்சார உற்பத்தி பகிர்மானக் கழகத்தில் எஞ்சினீயர் உத்தியோகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கு நிறப் பார்வைக் குறை இருக்கிறதென்று சொல்லி வேலை கொடுக்க மறுத்தார்கள். அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2023 அக்டோபரில் அவருக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. மின்சாரக் கம்பிக்கே அந்த நியாயம் என்றால், கேட்டுக் கம்பிக்கு என்ன நியாயம்?

"ஐயா, திருடன் வந்தால் துரத்திப் பிடிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். இது பெரிய கேள்விபோல் தோன்றும். யோசித்துப் பாருங்கள். தனியார் காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. கண்ணெதிரே பெருங்குற்றம் செய்பவனைப் பிடித்துப் போலீசில் ஒப்புவிக்க எந்தக் குடிமகனுக்கும் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் அவனுக்கும். அவனுடைய வேலை பார்ப்பது, குறித்துக் கொள்வது, தடுத்துக் கேட்பது, ஆபத்தென்றால் மணி அடிப்பது, போலீசைக் கூப்பிடுவது. துப்பாக்கியுடன் பணவண்டியில் போகிற காவலாளியை ஓடச் சொல்லுங்கள், தூக்கச் சொல்லுங்கள், நாம் ஆட்சேபிக்கவில்லை. முண்டி அடிக்கிற கூட்டத்தின் முன்னால் நிற்கிறவனுக்குத் திடகாத்திரமான உடம்பு வேண்டுமென்றால் அதுவும் நியாயம். கண் முற்றும் தெரியாதவரை வாசற் சோதனைக்கு நிறுத்துங்கள் என்றும் நாம் கேட்கவில்லை. எந்த வேலைக்கு எது தேவையோ அதை அந்த வேலைக்குக் கேளுங்கள் என்கிறோம். பணவண்டிக்காரனுக்கு வேண்டியதைக் காமிரா முன் உட்காருகிறவனிடமும், காமிராக்காரனிடம் இருக்க வேண்டியதை டெலிபோன் எடுக்கிறவனிடமும் ஏன் கேட்கிறீர்கள்? எல்லா வேலைக்கும் ஒரே உடம்பு வேண்டும் என்பது, எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பு என்பது போலத்தான்.

சரி, விதியைத் தள்ளி வைத்து விட்டுப் பயிற்சிக்குள்ளேயே போவோம். தேக யோக்கியதை விதி நாளைக்கே திருந்தி விட்டது என்று வைத்துக் கொண்டாலும் பயிற்சி நடக்கிற விதம் திருந்தாவிட்டால் பலனில்லை. 160 மணி நேரம் என்பது சின்னக் காரியமல்ல. 20 நாள் மாடி ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர் எப்படி ஏறுவார்? கீழ்த் தளத்தில் ஒரு அறை பார்ப்பதற்கு எந்தச் சாஸ்திரம் தடுக்கிறது? வகுப்பில் வாத்தியார் வாயால் பேசிக் கொண்டே போகிறார். காது கேளாதவர் அவர் வாயைப் பார்த்துக் கொண்டு நூறு மணி நேரம் உட்கார வேண்டுமா? சைகை மொழிக்கென்று ஆராய்ச்சியும் போதனையும் செய்ய 2015-ல் டில்லியில் சர்க்காரே ஒரு நிலையம் வைத்தார்கள். சைகையில் பெயர்த்துச் சொல்லக் கூடியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு வகுப்பில் நிறுத்தலாம். ஒவ்வொரு ஊரிலும் முடியாவிட்டால் ஜில்லாவுக்கு ஒரு வகுப்பு வைத்து, காது கேளாதோரை ஒன்று சேர்க்கலாம். பாடத்தை எழுத்தில் கொடுக்கலாம். அலாரம் சத்தம் போடுவதோடு விளக்கும் மின்னினால் செவிடருக்கும் தெரியும். மேலில் வைத்துக் கொண்டால் அதிர்ந்து தெரிவிக்கும் கருவிகளும் கடையில் விற்கின்றன. பத்துக் காமிராப் படங்களை ஒரே திரையில் பார்த்துக் கொண்டிருக்கிற வேலைக்குக் காது எவ்வளவு தூரம் வேண்டும், கண் எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை விதி எழுதினவர் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்து கொண்டிருப்பார்.

முதலுதவி கற்றுக் கொடுக்கிறார்கள். ஒரு கை இல்லாதவர் மயங்கி விழுந்தவன் மார்பைச் சட்டப்படி அமுக்க முடியாமலிருக்கலாம். ஆனால் எங்கே அமுக்க வேண்டும், எவ்வளவு வேகமாக அமுக்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சொல்லி அமுக்க வைக்கவும், 108-க்குப் போன் செய்யவும் அவரால் முடியும். அதைப் பரீட்சையில் கேட்டு மார்க்குப் போடுவதற்கென்ன? தீயணைக்கும் குழாயை உட்கார்ந்த நிலையில் பிடிப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தால் பிடிப்பார். சக்கர நாற்காலிக்காரர் எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று அந்த வகுப்பில் யோசித்தால், அந்தக் கட்டடத்திலுள்ள கர்ப்பிணிக்கும் கிழவிக்கும் கூட வழி பிறக்கும். புகார் பதிவு செய்யும் முறையைப் படிக்கக் கால் எதற்கு? தண்டனைச் சட்டம் படிக்க உயரம் எதற்கு? அந்தத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலையில் பெயரும் நெம்பரும் மாறி விட்டது. வாத்தியாரும் மாணாக்கரும் சேர்ந்தே புதிதாகப் படிக்க வேண்டியவர்கள்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் உடற்குறையைக் காட்டி மனிதனைத் தள்ளி வைக்கிற புத்தி இந்த நாட்டில் புதிதல்ல. மனுதர்மத்தின் 9-வது அத்தியாயத்தில், பிறவிக் குருடன், செவிடன், ஊமை, பித்தன், அங்கக் குறையுள்ளவன் ஆகியவர்களுக்குத் தகப்பன் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் போட்டால் போதும் என்று எழுதி வைத்திருக்கிறது. 11-வது அத்தியாயத்திலோ இந்த ஊனங்களெல்லாம் முன் செய்த பாவத்தின் அடையாளம் என்று ஜாபிதாவே போட்டிருக்கிறது. கொடுமையைப் பாருங்கள்! சொத்தையும் பிடுங்கிக் கொண்டு, பழியையும் அவன் தலையிலேயே போட்டது. இந்தப் பங்கில்லாக் கொடுமையைச் சட்டத்திலிருந்து எடுக்க 1928-ம் வருஷம் வரை ஆயிற்று. அப்போதும் பிறவிப் பித்தனை விட்டு விட்டார்கள். 1956-ல் வந்த வாரிசுச் சட்டத்தில்தான் எந்த நோயும் ஊனமும் பங்குக்குத் தடையல்ல என்று ஆயிற்று. போலியோ என்பது முன்ஜென்மப் பாவமல்ல, ஒரு கிருமி, இரண்டு சொட்டு மருந்தில் தடுக்கக் கூடியது என்பதை இந்த நாடு கண்ணால் கண்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இங்கே இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் அந்த நோய் ஒரு குழந்தைக்கும் வரவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் சர்ட்டிபிகேட் கொடுத்தது. கர்மம் என்று சொல்லி வந்தவர்கள் அந்தக் கர்மம் எங்கே போயிற்று என்று இதுவரை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் அந்தக் கிருமியிடம் காலைப் பறி கொடுத்தவர்கள் இன்று முப்பதும் நாற்பதும் ஐம்பதும் வயதாகி, குடும்பத்தை வைத்துக் கொண்டு, வேலை கேட்டு நிற்கிறார்கள். நம்மைத் தேடி வந்த நண்பர் அவர்களில் ஒருவர்.

இவர்களுக்கு நம் நாட்டார் செய்வது என்ன? கோயில் வாசலில் சில்லறை போடுவார்கள். அதில் தனக்குப் புண்ணியம் என்று கணக்கு. பிரமுகர் பிறந்த நாளென்றால் மூன்று சக்கர வண்டி தானம் கொடுத்துப் போட்டோ பிடித்துக் கொள்வார்கள். வண்டி கொடுத்தவரே அந்த வண்டி ஏற முடியாத படிக்கட்டு வைத்துத் தன் கம்பெனி கட்டடத்தைக் கட்டியிருப்பார். ஊனமுற்றோர் என்ற பெயர் கேவலமாயிருக்கிறதென்று மாற்றுத் திறனாளி என்று பெயர் மாற்றினார்கள். மரியாதையான பெயர்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் திறன் இருக்கிறது என்று பெயரில் ஒப்புக் கொண்டவர்கள், அந்தத் திறனைக் காட்டப் பரீட்சைக்குள் விட மாட்டோம் என்றால் அந்தப் பெயரை எங்கே கொண்டு போய் வைப்பது? 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் ஊனமுற்றவர்கள் என்று எழுதினார்கள். ஜனக்கணக்கில் சேருகிறவர்கள், வேலைக் கணக்கில் சேரக் கூடாதா?

2016-ம் வருஷத்துச் சட்டம் என்ன சொல்லுகிறது? நியாயமான ஒரு நோக்கத்திற்காக, அதற்கு வேண்டிய அளவுக்கு மிஞ்சாமல் செய்ததென்று காட்டினால் ஒழிய, ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரையும் பேதப்படுத்தக் கூடாது என்கிறது அதன் 3-வது பிரிவு. தொழிற்பயிற்சித் திட்டங்களிலெல்லாம் ஊனமுற்றோரைச் சேர்த்துக் கொள்ளவும், அவர்களுக்கு வேண்டிய சவுகரியங்களைச் செய்யவும் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, எழுத முடியாத கையுடைய ஒருவருக்குச் சர்க்கார் பரீட்சையில் எழுதுவதற்கு ஆள் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்புச் சொன்னபோது, வேண்டிய சவுகரியத்தைச் செய்து கொடுக்க மறுப்பதே பேதப்படுத்துவதுதான் என்று விளக்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய சர்க்கார், சண்டை செய்கிற படைகளின் உத்தியோகங்களுக்கும், ஐ.பி.எஸ். போன்ற சில உத்தியோகங்களுக்கும் ஊனமுற்றோருக்குரிய வேலைப் பிரிவுகள் செல்லாது என்று விலக்கு வாங்கிக் கொண்டார்கள். அது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. நாம் கேட்பது, துணிக்கடை வாசல் என்ன எல்லைப் படையா? சண்டைப் படைக்கு வாங்கின விலக்கில் வாட்ச்மேன் பெயர் இல்லையே! முன் வாசலில் விலக்குக் கேட்காமல், பின் வாசல் வழியாக 6 நிமிஷ ஓட்டத்தை வைத்து அதே காரியத்தைச் சாதிப்பது என்ன நாணயம்?

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். இங்கிலாந்திலும் 2001-ல் சட்டம் செய்து காவலாளிக்கு லைசென்சும் பயிற்சியும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அங்கே வேலையைப் பிரித்தார்கள். சாராயக் கடை வாசலில் நின்று குடித்தவனை அடக்குகிறவனுக்குக் கட்டிப் பிடித்து அடக்கும் பயிற்சி கட்டாயம். சாதாரணக் கட்டடக் காவலாளியின் லைசென்சுக்கு அது கட்டாயமில்லை. காமிரா பார்க்கிறவனுக்குத் தனி லைசென்சு, தனிப் பாடம். பரீட்சை நடத்துகிற ஸ்தாபனங்கள் ஊனமுற்றவருக்கு நியாயமான மாறுதல்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்று 2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அங்கே சொர்க்கம் இறங்கி விட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. சொர்க்கத்தில் நமக்கு நம்பிக்கையும் கிடையாது. அங்கேயும் கட்டிப் பிடிக்கும் பாடத்தில் உடம்பு இடம் கொடுக்காதவர்கள் அந்த லைசென்சு கிடைக்காமல் நிற்கத்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒரு கதவு சாத்தினால் மற்ற இரண்டு கதவு திறந்திருக்கிறது. இங்கே எல்லாவற்றிற்கும் ஒரே கதவு, ஒரே பூட்டு.

கம்பெனி முதலாளிகள் செலவாகும் என்பார்கள். காவலாளி தலைக்கு இவ்வளவு என்று வாடிக்கைக்காரரிடம் வாங்கி, அதில் ஒரு பாகத்தைக் காவலாளிக்குக் கொடுத்து மிச்சத்தை வைத்துக் கொள்ளுகிறவர்கள் செலவைப் பற்றிப் பேசக் கேட்க நமக்கு வேடிக்கையாயிருக்கிறது. அப்படியும் செலவு பெரிதென்றால், தங்கள் ஆட்களில் 100-க்கு 5 பேராவது ஊனமுற்றோராக இருக்கும்படி செய்வதற்குத் தனியார் முதலாளிகளுக்குச் சர்க்கார் சலுகை கொடுக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்துச் சட்டத்தின் 35-வது பிரிவிலேயே இருக்கிறது. அந்தச் சலுகையைக் கேட்டு எத்தனை முதலாளிகள் செக்ரடேரியட் படி ஏறினார்கள்?

மத்திய சர்க்கார் 2020-ல் மாதிரி விதிகளை மறுபடி எழுதி வெளியிட்டார்கள். மாதிரி எத்தனை தடவை மாறினாலும், மாகாணத்தில் விதி செய்யும் அதிகாரம் 25-வது பிரிவின்படி மாகாண சர்க்காருக்கே இருக்கிறது. "கூடிய மட்டும்" மாதிரியை ஒட்டிச் செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்லுகிறதே தவிர, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுது என்று சொல்லவில்லை. ஆகையால் டில்லியைக் கை காட்டி விட்டு இங்குள்ளவர்கள் தப்பித்துக் கொள்ள முடியாது. காவல் வேலையை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் மெய்யாகவே தேவையான தேக சக்தியை மட்டும் கேட்கும்படியாகவும், காதுக் கருவிக்கும் செயற்கைக் காலுக்கும் கண்ணாடிக்கு உள்ள மரியாதை கிடைக்கும்படியாகவும், ஏற முடியாத இடத்தில் பயிற்சி நடத்துகிறவனுக்கு அங்கீகாரம் இல்லை என்னும்படியாகவும் விதி திருத்துவதற்கு ஒரு கெஜட்டுத் தாள் போதும்.

இதற்குப் பணமும் வக்கீலும் தேவையில்லை என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு மாகாணத்திலும் ஊனமுற்றோருக்கென்று ஒரு கமிஷனர் இருக்க வேண்டுமென்று 2016-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. அச்சட்டத்திற்கு முரணான விதி எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தாலும் அதைக் கண்டுபிடித்துத் திருத்தம் சிபார்சு செய்ய வேண்டியது 80-வது பிரிவின்படி அவர் வேலை. தானாகவும் செய்யலாம், பிறர் சொல்லியும் செய்யலாம். யாரும் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். அவர் சிபார்சு செய்தால், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் 3 மாதத்திற்குள் அதன்மேல் என்ன செய்தோமென்றோ, ஏன் செய்யவில்லையென்றோ பதில் சொல்லியாக வேண்டும்.

நம்மைத் தேடி வந்த நண்பர் தமது மனுவை எழுதி விட்டார். இரண்டு பக்கம் இருக்கிறது. ஓட்டத்தைப் பற்றி ஒரு வரி, மூன்றாவது மாடியைப் பற்றி ஒரு வரி. பாக்கியெல்லாம் தன்னால் செய்யக் கூடிய வேலைகள் இன்னின்னவை என்ற ஜாபிதா. ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்து, ரசீதை நம்மிடம் கொடுத்து வைத்திருக்கிறார். தேதியை நாம் குறித்துக் கொண்டிருக்கிறோம்.